ஒரு வேலைக்கு எத்தனை பேரைச் சேர்க்கலாம், சேர்த்த பிறகு எப்பிடிக் கொண்டுபோறது

எங்கட பக்கம் ஆராவது ஒரு அலுவலைத் தொடங்கேக்க, அது கடையா இருக்கட்டும் சனசமூக நிலையமா இருக்கட்டும் கோயில் அன்னதானமா இருக்கட்டும் நாலு பெடியள் சேந்து துவங்கிற சொப்ட்வெயார் கொம்பனியா இருக்கட்டும், முதல் வாற கேள்வி ஆரைச் சேர்க்கிறது எண்டதுதான். மச்சானைச் சேர்ப்பம், எங்கட பட்ச் பெடியன் ஒருத்தன் சும்மா நிக்கிறான், அவரை விட்டால் குறை நினைப்பார், இப்பிடியே போகும். எத்தனை பேர் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. பிறகு ஒரு வருசத்தில முகம் முறிஞ்சு நிக்கேக்க அவன் மாறிப்போட்டான், அவளுக்குத் தலைக்கனம் எண்டு ஆளில பழியைப் போடுவம். கன காலமா இப்பிடியான குழுக்களுக்குள்ள நிண்டு பாத்ததில எனக்கு விளங்கினது, அந்தச் சண்டையளில பெரும்பகுதி எண்ணிக்கை செய்யிற வேலை. ரெண்டு பேருக்குள்ள இருக்கிற உறவு ஏழு பேருக்குள்ள இருக்காது, ஏழு பேருக்குள்ள இருக்கிறது இருபத்தஞ்சு பேருக்குள்ள இருக்காது, ஆக்கள் அதே ஆக்களா இருந்தாலும். அதால எந்தக் கட்டத்தில எப்பிடி நடக்கிறது எண்டதை முன்கூட்டியே தெரிஞ்சு வைச்சிருக்கிறது நல்லது.

முதல் ஒரு சின்னக் கணக்குச் செய்யுங்கோ. உங்கட குழுவில எத்தனை பேரோ அதை, அதில ஒண்டு குறைச்ச எண்ணால பெருக்கி, ரெண்டால பிரியுங்கோ. அதுதான் அந்தக் குழுவுக்குள்ள இருக்கிற ஆளுக்கு ஆளான உறவுகளின்ர எண்ணிக்கை. 3 பேர் எண்டால் 3. 5 பேர் எண்டால் 10. 7 பேர் எண்டால் 21, 10 பேர் எண்டால் 45, 15 பேர் எண்டால் 105. பாத்தியளே, ஆக்கள் மூண்டு மடங்காக உறவு பத்து மடங்குக்கு மேல போகுது (5இல இருந்து 15க்குப் போறதைப் பாருங்கோ). இந்த ஒவ்வொரு உறவுக்குள்ளயும் ஒரு கதை இருக்கும், ஒரு பழைய மனஸ்தாபம் இருக்கலாம், ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கலாம், அதெல்லாம் சேந்துதான் வேலை நடக்குது. ஏழாவது ஆளைச் சேர்க்கிறம் எண்டால் ஒரு சோடிக் கை கூடுது எண்டு மட்டும் நினைக்கிறம், ஆனால் புதுசா ஆறு உறவு தொடங்குது, அந்த ஆறு பேரும் தங்கட வேலையை விட்டிட்டு இவருக்கு விசயத்தை விளங்கப்படுத்தவேணும். ஐபிஎம் கொம்பனியில பெரிய வேலைத்திட்டத்தை நடத்தின பிரெட் புறூக்ஸ் 1975இல இதைத்தான் சொன்னவர், பிந்திப்போன சொப்ட்வெயார் வேலைக்கு ஆளைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் எண்டு. திருவிழாவுக்கு ரெண்டு நாளுக்கு முதல் பந்தல் வேலைக்கு பத்துப் பெடியளைப் புதுசாக் கூப்பிட்டுப் பாருங்கோ, கம்பு எங்க கயிறு எங்க எண்டு சொல்லியே பழைய ஆக்கள் களைச்சுப்போவினம்.

ரெண்டு பேர்

ஜேர்மனியில கெயோர்க் சிமெல் எண்டு ஒரு சமூகவியலாளர் இருந்தவர், 1858இல பிறந்து 1918இல செத்தவர், அவர்தான் ரெண்டு பேர் சேருறதுக்கும் மூண்டு பேர் சேருறதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆழமா எழுதினவர். ரெண்டு பேராய் இருக்கிறதில ஒருத்தர் போனால் அந்தக் குழுவே முடிஞ்சுது. மற்ற எந்தக் குழுவிலயும் ஒருத்தர் போனாலும் குழு இருக்கும். அதாலதான் ரெண்டு பேர் கூட்டில அவ்வளவு நெருக்கமும் இருக்குது அவ்வளவு பயமும் இருக்குது. கல்லாப்பெட்டியில ஆயிரம் ரூவா குறைஞ்சால் நான் இல்லை எண்டால் நீ. வேற ஆரிலயும் போடேலாது. பெரும்பான்மை எண்டதும் கிடையாது, ஒத்துப்போகாட்டி வேலை நிக்கும்.

அதால ரெண்டு பேரா கடை போடுறவை மூண்டு விசயம் செய்யுங்கோ. கணக்குப் பாக்கிற நாளை முதலே குறிச்சு வையுங்கோ, கிழமைக்கு ஒருக்கா, சந்தேகம் வந்தாலும் வராட்டியும். சந்தேகம் வந்த பிறகு கணக்குக் கேட்டால் அது குற்றச்சாட்டு மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஞாயிறும் பாக்கிற கணக்கு எண்டால் அது வழமை. அடுத்தது, எந்த விசயத்தில ஆர் சொல்லுறது கடைசி எண்டு பிரிச்சுக்கொள்ளுங்கோ, சாமான் எடுக்கிறதில இவர், கடன் குடுக்கிறதில அவர், அப்பிடி. மூண்டாவது, ரெண்டு பேரும் மதிக்கிற ஒரு ஆளை, மாமாவோ படிப்பிச்ச ரீச்சரோ ஆராவது, பிரச்சினை இல்லாத காலத்திலயே போய் ரெண்டு பேருமா கேட்டு வையுங்கோ, எங்களுக்குள்ள ஒத்துவராட்டி உங்களிட்டத்தான் வருவம் எண்டு. சண்டை வந்த பிறகு ஆளைத் தேடினால், அந்தாள் உன்ர பக்கம் என்ர பக்கம் எண்டுதான் பாப்பியள். இன்னொண்டையும் சொல்லவேணும், பங்காளியில ஒரு குறை இருந்தால் அதை வீட்டில சொல்ல முதல் ஆளிட்டச் சொல்லுங்கோ. வீட்டில சொன்னால் ரெண்டு பேர் கூட்டு ராவோட ராவா நாலு பேர் சண்டையா மாறிடும்.

மூண்டு பேர்

ஒராள் கூடினால் பெரிசா என்ன நடக்கப்போகுது எண்டு நினைப்பியள், ஆனால் எண்ணிக்கையில வாற மாற்றங்களுக்குள்ள ஆகப்பெரிய மாற்றம் இதுதான். சிமெல் சொன்னபடி மூண்டாவது ஆள் மூண்டு வேலையில ஒண்டைச் செய்வார். மற்ற ரெண்டு பேரையும் சமாதானப்படுத்துவார், அல்லது அவையின்ர சண்டையில தான் லாபம் எடுப்பார், அல்லது தன்ர பிடியில வைச்சிருக்க அவையைப் பிரிச்சு வைப்பார். முதலாவது வகை ஆள் கிடைச்சால் உங்கட அதிர்ஷ்டம், ஆனால் ஆளின்ர குணத்தை மட்டும் நம்பி இருக்கத் தேவையில்லை, நடைமுறையாலயும் கன விசயத்தைத் தடுக்கலாம்.

மூண்டு பேரில கூட்டை உடைக்கிறது பெரும்பாலும் தேத்தண்ணிதான். ரெண்டு பேர் சந்திக் கடைக்கு பிளேன்ரீ குடிக்கப் போவினம், திரும்பி வரேக்க ஒரு முடிவோட வருவினம், மூண்டாவது ஆள் கடையில நிண்டு சனத்துக்குச் சாமான் குடுத்துக்கொண்டு இருந்திருப்பார். அவருக்கு வந்து சொல்லுவினம், நாங்கள் இப்பிடி யோசிச்சனாங்கள் எண்டு. அந்த நாங்கள் எண்டதில தான் இல்லை எண்டு அவருக்கு உடனே விளங்கும். முடிவு நல்ல முடிவா இருந்தாலும் அவருக்குக் கசக்கும். அதால மூண்டு பேர் கூட்டில ரெண்டு பேர் என்னவும் கதைக்கலாம், முடிவு மட்டும் மூண்டு பேரும் ஒண்டா இருக்கேக்கதான் எண்டு முதல் நாளே ஒரு சட்டம் வையுங்கோ. வெளி அலுவலுக்குப் போற சோடியையும் மாத்திக்கொண்டு இருங்கோ, ஒவ்வொருமுறையும் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போறது அதே ரெண்டு பேர் எண்டால் ஒரு வருசத்தில அது ரெண்டு பேர் கடை, மற்றாள் சம்பள ஆள் மாதிரி ஆகிடுவார். ஒருத்தர் சொன்னதை மற்றாளுக்குக் காவுற வேலையையும் எடுக்காதேங்கோ, நீயே சொல்லு எண்டு அனுப்பி விடுங்கோ.

நாலுக்கு மேல போனால் இன்னொரு விசயம் தொடங்கும், தனிய நிக்கிற ஆளின்ர நிலைமை. 1950களில சொலமன் ஆஷ் எண்ட உளவியலாளர் அமெரிக்காவில ஒரு பரிசோதனை செய்தவர், கோடுகளின்ர நீளத்தை ஒப்பிடுற லேசான வேலைதான், ஆனால் மற்ற எல்லாரும் வேணுமெண்டே பிழையான பதிலைச் சொல்லுவினம். எதிரில ஒருத்தர் மட்டும் பிழையாச் சொன்னால் ஆள் அசையிறேல்லை, மூண்டு பேர் சேந்து சொன்னால் கனபேர் தங்கட கண்ணால பாத்ததையே விட்டிட்டு அவையோட சேந்து சொல்லிச்சினம். ஆனால் தன்னோட ஒத்துச் சொல்லுற ஒரே ஒருத்தர் பக்கத்தில இருந்தால் ஆள் பெரும்பாலும் தளம்பேல்லை. இதை எங்கட மீற்றிங்குகளில நேரடியாப் பாவிக்கலாம். வயசில குறைஞ்ச பிள்ளை ஒண்டு எழும்பி இந்தக் கணக்குச் சரியில்லை எண்டு சொன்னால், மற்றவை சிரிச்சுக்கொண்டு இரு தம்பி எண்டு சொல்ல முதல், வேற ஆருக்கும் அப்பிடி ஒரு யோசனை இருக்கோ எண்டு தலைவர் கேக்கவேணும். ரெண்டாவது குரல் ஒண்டு வந்திட்டுது எண்டால் அந்தப் பிள்ளை இனி அடங்காது, கணக்கும் வெளியில வரும்.

நாலில இருந்து ஏழு

என்னைக் கேட்டால் ஒரு வேலையை முடிக்கிறதுக்கு இதுதான் நல்ல அளவு. வோட்டர் பம்ப் வர முதல் எங்கட தோட்டங்களில துலாவால, அதுதான் கிணத்துக்கு மேல ஏறி இறங்கிற நீட்டு மரத்தால, தண்ணி இறைச்ச கதை பழைய ஆக்களிட்டக் கேட்டிருப்பியள். துலாவில ஏறி நிண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து மிதிக்கிறதுக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ, கிணத்தடியில நிண்டு பட்டையை (தண்ணி அள்ளுற வாளியை) தாட்டு, ஏத்தி, வாய்க்காலுக்குள்ள ஊத்திறதுக்கு ஒருத்தர், அங்கால வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ பாத்தி பாத்தியாத் தண்ணி மாறுறதுக்கு ஒருத்தர். மிதிக்கிறவர் ஒரு கணம் பிந்தினால் கிணத்தடியில நிக்கிறவருக்குப் பட்டை தொங்குற கொடியில தெரியும். ஊத்திறவர் அசந்தால் தண்ணி மாறுறவருக்கு வாய்க்காலில தெரியும். தண்ணி மாறுறவர் நித்திரை எண்டால் பாத்தி உடைச்சுக்கொண்டு போறதை எல்லாரும் பாப்பினம். ஆரும் ஆரையும் மேற்பார்வை செய்யத் தேவையில்லை, வேலையே ஆளைக் காட்டிக் குடுக்குது, கஷ்டப்படுறவரையும் அதே மாதிரிக் காட்டிக் குடுக்குது, ஆள் களைச்சிட்டார் எண்டால் மற்றாள் ஏறி மிதிப்பார். உங்கட குழுவும் இந்த மாதிரி இருக்குதோ எண்டு பாருங்கோ. நாலஞ்சு பேருக்குள்ள ஒவ்வொருத்தற்ர வேலையும் அடுத்தவற்ர கையில போய் முட்டவேணும்.

அளவு கூடினால் இது மறையும். பிரான்சில றிங்கெல்மன் எண்டு ஒரு விவசாயப் பொறியியலாளர், ஆக்களைச் சேத்துக் கயிறு இழுக்க வைச்சு அளந்து 1913இல வெளியிட்டவர். எட்டுப் பேர் சேந்து இழுக்கேக்க ஒருத்தற்ர பங்கு அவர் தனிய இழுக்கிறதில அரைவாசிக்குக் கிட்டத்தான் வந்தது. ஒரே நேரத்தில எல்லாரும் இழுக்காததால வாற நட்டம் ஒரு பகுதி. மற்றது, மற்றவை இருக்கினம்தானே எண்டு கை தளருறது. 1974இல இதைத் திரும்பவும் செய்து பாத்தவை ஆளின்ர கண்ணைக் கட்டி, பின்னால ஆக்கள் சேந்து இழுக்கினம் எண்டு நம்ப வைச்சினம், உண்மையில அவர் மட்டும்தான் இழுத்தவர், அப்பவும் அவற்ர இழுவை குறைஞ்சது. அவர் சோம்பேறி எண்டு சொல்லேலுமோ? தனிய விட்டால் முழுப் பலத்தோட இழுக்கிற அதே ஆள்தான். இதைத் தெரிஞ்சு வைச்சிருந்தால் ஆக்களில கோவம் வராது, வேலையைப் பிரிக்கிற முறையை மாத்துவம்.

அன்னதான மடத்தில இதைக் கண்ணால பாக்கலாம். காலமை இருபது பேர் மரக்கறி வெட்ட வருவினம், நடுவில பூசணிக்காய் ஒரு குவியல், கத்தரிக்காய் ஒரு குவியல், எல்லாரும் சுத்தவர இருந்து வெட்டத் தொடங்குவினம். அரை மணித்தியாலத்தில நாலு அக்காமார்தான் தலை நிமிராம வெட்டிக்கொண்டு இருப்பினம், மற்றவை கதை, போன், ஒருத்தர் கத்தி தேடப் போனவர் போனவர்தான். கடைசியில அந்த நாலு பேருக்கும் எரிச்சல், மற்றவைக்கு அவை முகத்தைத் தூக்கி வைச்சிருக்கினம் எண்டு மனக்குறை. அதே இருபது பேரையும் அஞ்சு சாக்கு விரிச்சு நாலு நாலு பேரா இருத்தி, ஒவ்வொரு சாக்குக்கும் அதுக்குரிய காயைப் பிரிச்சு, இந்தப் பாத்திரம் நிரம்பினால் உங்கட வேலை முடிஞ்சுது எண்டு சொல்லிப் பாருங்கோ. கிடாரம் அடுப்பில ஏறுற நேரத்துக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும், அதைவிட முக்கியம் ஆக்கள் சிரிச்சுக்கொண்டு எழும்புவினம். எங்கட கோயில்களில ஒவ்வொரு நாள் திருவிழாவையும் ஒவ்வொரு உபயகாரருக்குக் குடுக்கிறதும் இந்த வழிதான், முழு ஊரும் சேந்து பத்து நாளையும் செய்யவேணும் எண்டால் ஆர் என்ன செய்யிறது எண்டு தெரியாது, ஆறாம் திருவிழா இந்தக் குடும்பங்களின்ரது எண்டால் பூமாலையில இருந்து மேளம் வரைக்கும் அவையின்ர பொறுப்பு.

வட்ஸ்அப்பில வேலை சொல்லுறதையும் இதோட சேத்துச் சொல்லிப்போடுறன். 1968இல டார்லி, லற்றானே எண்ட ரெண்டு பேர் நியூயோர்க்கில செய்த பரிசோதனையில, இன்ரர்கொம்மில கதைச்சுக்கொண்டு இருக்கேக்க மற்றப் பக்கத்தில ஒருத்தருக்கு வலிப்பு வாற மாதிரிக் கேக்கும். தான் ஒராள்தான் கேக்கிறன் எண்டு நினைச்சவையில 85 வீதம் பேர் அந்தச் சத்தம் நிக்க முதலே உதவி தேடிப் போச்சினம். இன்னும் ஒருத்தர் கேக்கிறார் எண்டு நினைச்சவையில 62 வீதம். இன்னும் நாலு பேர் கேக்கினம் எண்டு நினைச்சவையில 31 வீதம். மனுசற்ர உயிர் விசயத்திலயே இப்பிடி எண்டால், நாப்பது பேர் இருக்கிற குறூப்பில ஆராவது நாளைக்கு வாழையிலை எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு போட்டால் என்ன நடக்கும், நாப்பது பேரும் பாப்பினம், ஆறு பேர் கும்பிடுற படம் போடுவினம், இலை வராது. ஒருத்தருக்குப் பேர் சொல்லி, எத்தனை இலை, எத்தனை மணிக்கு, ஆரிட்டக் குடுக்கிறது எண்டு போடுங்கோ. அவருக்கு ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுவார், அதுவும் ஒரு பதில்தான்.

எட்டுக்கு மேல

எட்டு பத்துப் பேருக்கு மேல போனால் கதை மாறும், அதாவது கதைக்கிற விதமே மாறும். அஞ்சாறு பேர் இருக்கேக்க ஒருத்தர் சொல்ல மற்றவர் வெட்டிக் கதைச்சு ஒரு முடிவுக்கு வரலாம். பன்னிரண்டு பேர் இருந்தால் ரெண்டு மூண்டு பேர் பேசுவினம், மற்றவை கேப்பினம், கேட்டவை பிறகு கேற்றடியில நிண்டு தங்கட மீற்றிங்கை வைப்பினம். உண்மையான அபிப்பிராயம் எல்லாம் கேற்றடியிலதான் வரும். அதை மீற்றிங்குக்குள்ள கொண்டுவர வேணும் எண்டால் ஒழுங்கு வேணும்: என்ன கதைக்கப்போறம் எண்டது முதல் நாளே தெரியவேணும், ஒவ்வொரு விசயத்துக்கும் ஒரு சுத்து வரவேணும், அந்தச் சுத்தை வயசில குறைஞ்ச ஆளிட்ட இருந்து தொடங்குங்கோ. பெரியவர் முதல் சொல்லிட்டால் எங்கட ஊரில ஆர் மறுத்துச் சொல்லுவினம்? நிர்வாகசபையில பதினொரு பேர் இருக்கலாம், ஆனால் எந்த ஒரு வேலையையும் பதினொரு பேரிட்டயும் குடுக்காதேங்கோ, மூண்டு பேரிட்டக் குடுத்து, செய்து முடிச்சு வந்து மற்ற எட்டுப் பேருக்கும் சொல்லச் சொல்லுங்கோ.

ஆகலும் மனம் நோகிற கட்டம் பதினைஞ்சைத் தாண்டேக்கதான் வரும், கொம்பனி வைச்சிருக்கிறவை இதைக் கவனமா வாசியுங்கோ. பிரித்தானியாவைச் சேந்த றொபின் டன்பார் 1992இல குரங்கினங்களின்ர மூளை அளவையும் கூட்டத்தின்ர அளவையும் ஒப்பிட்டுப் பாத்து, மனுசர் ஒராள் கிட்டத்தட்ட 150 பேரோடதான் உண்மையான உறவு வைச்சிருக்கலாம் எண்டு கணிச்சவர், பிறகு அதுக்குள்ள 5, 15, 50 எண்டு வட்டங்கள் இருக்குது எண்டும் சொன்னவர். இந்த எண்களை எல்லா ஆய்வாளரும் ஏற்கேல்லை, நானும் கணக்குச் சரியா இத்தனை எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கேல்லை. ஆனால் எட்டுப் பேரா ஒரு வீட்டு விறாந்தையில தொடங்கின கொம்பனி இருபத்தஞ்சு பேராகி மாடிக் கட்டடத்துக்குப் போகேக்க என்ன நடக்குது எண்டதை யாழ்ப்பாணத்தில இப்ப கனபேர் பாத்திட்டினம். முந்தி எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பாட்டுப் பார்சல் பிரிச்சவை, முதலாளியும் அதுக்குள்ள இருந்து ஒரு பிடி எடுப்பார். இப்ப பழைய ஆக்கள் அண்ணை எண்டுகொண்டு நேர உள்ளுக்குப் போகினம், புது ஆக்கள் சேர் எண்டு கதவடியில நிக்கினம். புது ஆக்களுக்கு இது பழைய ஆக்களின்ர ராச்சியம். பழைய ஆக்களுக்கோ அண்ணை முந்தி மாதிரி இல்லை. நடுவில ஒரு மனேச்சரைப் போட்டால் பழைய ஆக்கள் இன்னும் மனம் உடைவினம், நேற்று வந்தவருக்கு நான் றிப்போட் குடுக்கிறதோ எண்டு.

இதைத் தவிர்க்கேலாது, ஆனால் முதலே சொல்லலாம். பன்னிரண்டு பேரா இருக்கேக்கயே பழைய ஆக்களைத் தனித்தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ, இன்னும் பத்துப் பேர் வந்தால் உங்களோட ஒவ்வொரு நாளும் நான் கதைக்க ஏலாமப் போகும், உங்களில உள்ள மதிப்பு குறைஞ்சு அப்பிடி நடக்கேல்லை, இந்த விசயம் நேர என்னட்ட வாங்கோ, இந்த விசயம் ரீம் லீடரிட்ட. லீவு, சம்பளம், ஓவர்ரைம் எல்லாத்தையும் இந்தக் கட்டத்தில எழுத்தில போடுங்கோ. எட்டுப் பேருக்குள்ள வாய்ச்சொல் காணும், இருபத்தஞ்சு பேருக்குள்ள வாய்ச்சொல் எண்டால் ஒருத்தருக்கு ஒரு சட்டம் மற்றவருக்கு ஒரு சட்டம் எண்டுதான் கதை வரும். ஆக்களை அஞ்சாறு பேர் கொண்ட ரீமாப் பிரியுங்கோ, ஆனால் ஊர், பள்ளிக்கூடம் பாத்துத் தானாச் சேருற கூட்டத்தை அப்பிடியே ரீமாக்கிப் போடாதேங்கோ, பிறகு அது கட்சியாகிடும்.

150ஐத் தாண்டினது, பழைய மாணவர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் மாதிரியானது, அதில முகம் பாத்து நம்புறதுக்கு வழியில்லை. யாப்பு (சங்கத்தின்ர எழுதின சட்டவிதி), வருடாந்தப் பொதுக்கூட்டம், கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைஞ்சது வரவேண்டிய ஆக்களின்ர எண்ணிக்கை), கணக்காய்வு, இதுதான் அங்க உறவு. எங்கட கூட்டுறவுச் சங்கங்களைத் தாங்கி வந்ததும் இதுதான்.

ஆக்கள் குறையேக்க

எங்களுக்கு இது பெரிய விசயம், ஏனெண்டால் எங்கட குழுக்களில எப்பவும் ஆராவது வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டு இருப்பினம். அஞ்சு பேரில ரெண்டு பேர் கனடாவுக்குப் போனால் மிச்சம் மூண்டு பேர், அவை அஞ்சு பேரா இருந்த பழக்கத்தோட நடக்கப் பாப்பினம், அது சரிவராது. ஒரு நாள் இருந்து வேலையைத் திரும்பப் பிரியுங்கோ, சிலதை விடுறம் எண்டு முடிவெடுங்கோ, மேல சொன்ன தேத்தண்ணிச் சட்டத்தையும் அண்டைக்கே வையுங்கோ.

போனவையும் விட்டுப்போகிறேல்லை. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எண்டு இருநூறு பேர் ஒரு குறூப்பில இருப்பினம், காசு அவையிட்ட, வேலை செய்யிறது ஊரில இருக்கிற நாலு பேர். அந்த நாலு பேருக்கும் இரவிரவா இருநூறு பேற்ர கேள்வி வரும், சீமெந்து என்ன விலை, ஏன் அந்த மேசனைப் பிடிச்சனீங்கள், படம் போடுங்கோ. அங்க இருக்கிறவைக்கு தாங்கள் அனுப்பின காசுக்கு என்ன நடக்குது எண்ட பதட்டம், அது நியாயம். இங்க இருக்கிறவைக்கு தங்களை நம்பினம் இல்லை எண்ட கவலை, அதுவும் நியாயம். ரெண்டு குறூப் வையுங்கோ. வேலைக் குறூப்பில அந்த நாலு பேரும், வெளியில இருந்து ஒரே ஒரு தொடர்பாளரும். பெரிய குறூப்பில மாதம் ஒரு குறிச்ச திகதிக்கு கணக்கும் பில்லும் படமும் போடுங்கோ, செலவு நடக்காத மாதமும் நடக்கேல்லை எண்டு போடுங்கோ. கேள்வியெல்லாம் தொடர்பாளரிட்டப் போகட்டும், அவர் சேத்து ஒண்டாக் கேப்பார்.

கடைசியா, நல்லா நடக்கிற ஏழு பேர் குழுவுக்கு எட்டாவதா ஒருத்தர், ஒன்பதாவதா ஒருத்தர் எண்டு கேட்டுக்கொண்டே வருவினம். இல்லை எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது, சொந்தக்காரராயும் இருப்பினம். அவருக்கு வேற ஒரு வேலையை முழுசாக் குடுங்கோ, நூலகத்துக்குப் புத்தகம் சேக்கிறது நீங்கள் பாருங்கோ அண்ணை, உங்களுக்கு விருப்பமான மூண்டு பேரையும் நீங்களே பிடியுங்கோ, மாதக் கடைசியில வந்து எங்களுக்குச் சொன்னால் காணும் எண்டு.